பூட்டிய முற்றத்தைத் திறந்துவிடுங்கள்: செட்டிநாட்டுத் தொழில்கூட உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரங்களில் தையல் கம்பெனியும் பலகாரக் கூடமும் ஜவுளிக்கடையும் நடத்துகிற உரிமையாளர்களுக்கு,

சித்திரை மாதத்தில் உங்களில் ஒருவருடைய தையல் கம்பெனியில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. டீ இடைவேளையிலும் சாப்பாட்டு இடைவேளையிலும் பெண்கள் யாரும் பின்முற்றத்துக்குப் போகக் கூடாது. சாப்பாடு உள்ளேயே. பின்கதவு காலையில் பூட்டப்பட்டு, மாலையில் வேன் வந்த பிறகுதான் திறக்கப்படும். வெயில் கடுமையாக இருப்பதால் பணியாளர் நலன் கருதி இந்த ஏற்பாடு என்று அதில் எழுதியிருந்தது. அக்கினி நட்சத்திரம் முடிந்தது, ஆடிக்காற்றும் அடித்து ஓய்ந்தது. பூட்டு மட்டும் அப்படியே தொங்குகிறது. இதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் வேறு சில கூடங்களிலும் கதவுகள் மூடப்பட்டன. ஓரிடத்தில் முற்றத்தின் மேல் ஃபைபர் தகடு போட்டு மூடி, அங்கேயும் மெஷின்களை இறக்கிவிட்டார்கள். பணியாளர் நலன் என்ற பேச்சு அதன் பிறகு அங்கே எழவில்லை.

நான் இந்த வட்டாரத்துக் கிராமங்களில் பல ஆண்டுகள் கிராமச் சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் கூடங்களில் இன்று வேலை செய்கிற பெண்களில் பலருக்குக் குழந்தையாக இருந்தபோது தடுப்பூசி போட்டது இந்தக் கைதான். அவர்களே முழுகாமல் இருந்தபோது வீடு தேடிப் போய் எடை பார்த்ததும், தாய் சேய் அட்டையில் எழுதியதும் நான்தான். என் தம்பி வீட்டு மருமகளும் அறிவிப்பு ஒட்டப்பட்ட அந்தக் கம்பெனியில்தான் வேலை செய்கிறாள். இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

முதலில், அந்தக் கதவைப் பூட்டியதால் நீங்கள் எதை நிறுத்தியிருக்கிறீர்கள் என்பதைச் சொல்கிறேன். வெயிலில் இருக்கும் புற ஊதா பி கதிர் தோலில் படும்போதுதான் நம் உடம்பு வைட்டமின் டியைத் தயாரிக்கிறது. தோலுக்குள் இருக்கும் ஒரு கொழுப்புப் பொருள் அந்தக் கதிர் பட்டு மாறுகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் அதை உடம்புக்குப் பயன்படும் வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன. கொழுப்புள்ள மீனிலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் கொஞ்சம் இருக்கிறது. நம் அன்றாடச் சாப்பாட்டில் அது சொற்பம். சோறும் சாம்பாரும் கீரையும் எத்தனை சாப்பிட்டாலும் இந்த ஒரு சத்து வராது.

இதில் பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று உண்டு. காலை இளவெயிலில் நின்றால் போதும், மாலை வெயிலில் நடந்தால் போதும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்த நடை உடம்புக்கு நல்லதுதான், ஆனால் வைட்டமின் டிக்கு அது உதவுவது மிகக் குறைவு. சூரியன் சாய்ந்திருக்கும்போது இந்தப் பி கதிர்களில் பெரும்பகுதி காற்று மண்டலத்திலேயே தடுக்கப்பட்டுவிடும். திருப்பதியில் செய்து 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலான வெயிலே ஆண்டு முழுவதும் இந்தச் சத்தை உண்டாக்க ஏற்றது என்று காட்டியது. திருப்பதி நமக்கு வடக்கே இருக்கிறது. காரைக்குடி ஏறத்தாழ 10 பாகையில், நிலநடுக்கோட்டுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கிறது. மழைநாள் தவிர ஆண்டில் எந்த மாதமும் நமக்கு இந்த வெயிலுக்குப் பஞ்சமில்லை. கடிகாரம் பார்க்கவும் தேவையில்லை. தரையில் விழும் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் அந்த வெயில் வேலை செய்கிறது என்று பொருள்.

இப்போது உங்கள் கூடத்து நேரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குன்றக்குடியிலிருந்தும் கல்லலிலிருந்தும் சாக்கோட்டையிலிருந்தும் பெண்களை ஏற்றிக்கொண்டு வேன் காலை ஏழு மணி வாக்கில் கிளம்புகிறது. திரும்பி வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது பொழுது சாய்ந்திருக்கிறது. போகும்போதும் நிழல் நீளம், வரும்போதும் நிழல் நீளம். நிழல் குட்டையாகிற அந்த மூன்று மணி நேரத்தில் அவள் டியூப் லைட்டுக்குக் கீழே, முழுக்கை மேலங்கியும் தலைத்தொப்பியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னல் பக்கம் இருக்கை கிடைத்தாலும் பயன் இல்லை. கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடும், பி கதிரை விடாது. முற்றத்தின் மேல் நீங்கள் போட்ட தகடும் பெரும்பாலும் அப்படித்தான். வெளிச்சமாக இருக்கிறதே என்று நினைப்பீர்கள். அந்த வெளிச்சத்தில் இந்தச் சத்து இல்லை.

அந்தப் பெண்ணுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது டீ நேரத்தில் ஒரு கால் மணி, சாப்பிட்ட பிறகு ஒரு கால் மணி. முற்றத்துச் சுவரோரம் நின்று, மேலங்கியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு வார்த்தை பேசிவிட்டு உள்ளே போவார்கள். அந்த அரை மணிக்குத்தான் நீங்கள் பூட்டுப் போட்டிருக்கிறீர்கள்.

யாருக்குப் போட்டிருக்கிறீர்கள் என்பதுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. உங்கள் ஆள்சேர்ப்பு நோட்டீஸ்கள் பஸ் நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கின்றன. 18 வயது முதல் 35 வயது வரையிலான பெண்கள் தேவை என்று அவற்றில் இருக்கிறது. கண்பார்வை நன்றாக இருக்கும், கை வேகமாக ஓடும் என்பதற்காக அந்த வயதைக் கேட்கிறீர்கள். அதே வயதுதான் கருவுறும் வயதும். பத்து இருபது ஆண்டுகளுக்கு முன் இந்தப் பெண்களின் அம்மாக்கள் கடலை ஆய்ந்தார்கள், நாற்று நட்டார்கள், கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்தார்கள். வறுமை இருந்தது, வேறு நோய்கள் இருந்தன, ஆனால் வெயிலுக்குக் குறை இருந்ததில்லை. இன்று கிராமத்தில் பாருங்கள். நூறு நாள் வேலைக்கு வெயிலில் மண் சுமப்பவர்களில் பெரும்பாலோர் மாமியார்கள். மருமகள்கள் வேனில் ஏறிப் போய்விட்டார்கள். பிள்ளைபெறும் வயதைத் தாண்டியவர்களுக்கு வெயில் கிடைக்கிறது. பெறப்போகிறவர்களைத் தேடிப் பொறுக்கி எடுத்துக் கூரைக்குள் வைத்திருக்கிறோம்.

இதன் விளைவை நான் வீடுகளில் பார்த்திருக்கிறேன். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பெண் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல் ஒரு கையை முழங்காலிலும் ஒரு கையைச் சுவரிலும் ஊன்றுவாள். மாடிப்படி ஏறத் தொடை வலுவிருக்காது. ‘எலும்புக்குள்ளே குடையுது அம்மா’ என்பாள். நெஞ்செலும்பை, கணுக்காலுக்கு மேல் எலும்பை விரலால் அழுத்தினால் முகம் சுளிப்பாள். வீட்டில் உள்ளவர்கள் சோம்பல் என்பார்கள். மெஷினில் உட்கார்ந்தே இருப்பதால் வரும் இடுப்புவலி என்பார்கள். ரத்தசோகை என்று சத்து மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தாலும் அந்த வலி போகாது. வைட்டமின் டி போதிய அளவு இல்லையென்றால் நாம் சாப்பிடும் கால்சியத்தில் பத்தில் ஒரு பங்கோ சற்றுக் கூடவோதான் குடல் உறிஞ்சுகிறது. போதிய அளவு இருந்தால் பத்தில் மூன்று நான்கு பங்கு. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனவள் நான். கூழைக் குடித்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தால் அதிலிருந்து உடம்பில் சேர வேண்டியதில் பாதிக்கு மேல் வீணாகிறது.

அவள் கருவுற்றால் கணக்கு இன்னும் கடுமையாகிறது. வயிற்றில் வளரும் குழந்தை பத்து மாதத்தில் ஏறத்தாழ 30 கிராம் கால்சியத்தைத் தாயிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில். குழந்தைக்கு வேண்டிய வைட்டமின் டியும் தாயின் ரத்தத்திலிருந்துதான் போக வேண்டும். தாயிடம் இல்லாதது குழந்தைக்கு எங்கிருந்து வரும்? லக்னோவில் 207 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களில் 84 சதவீதம் பேருக்கு இந்தச் சத்து குறைவாக இருந்தது. தாயின் ரத்தத்தில் இருந்த அளவும் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தில் இருந்த அளவும் ஒன்றையொட்டி ஒன்று இருந்தன. வெயில் நிறைந்த ஊர்தான் லக்னோவும். பிறந்த பிறகும் இதே கதைதான். தாய்ப்பாலில் வைட்டமின் டி மிகக் குறைவு. அதனால்தான் குழந்தை மருத்துவர்கள் தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து எழுதிக் கொடுக்கிறார்கள். கால்சியம் மிகவும் இறங்கிவிட்ட பச்சிளம் குழந்தைக்கு வலிப்பு வந்து நள்ளிரவில் தூக்கிக்கொண்டு ஓடிய குடும்பத்தோடு நானும் ஆம்புலன்ஸில் போயிருக்கிறேன். பல் முளைக்கத் தாமதமாகி, நடக்கத் தொடங்கியதும் கால் வில்லாக வளைகிற குழந்தைகளையும் பார்த்திருக்கிறேன். தாய் யார் என்று விசாரித்தால் வேன் ஏறிப் போய்வந்தவளாக இருப்பாள்.

நீங்கள் இதைப் பார்ப்பதில்லை. ஏனென்றால் ஐந்தாவது ஆறாவது மாதத்தில் அவள் வேலையைவிட்டு நின்றுவிடுகிறாள். உங்கள் பதிவேட்டில் ஒரு பெயர் அடிக்கப்பட்டு வேறொரு பெயர் எழுதப்படுகிறது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அவள் வீட்டுக் கணக்கிலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக் கணக்கிலும்தான் சேர்கிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. 1920களில் காஷ்மீரில் பணியாற்றிய கேத்லீன் வாகன் என்ற பெண் மருத்துவர், திரைக்குள் அடைபட்டு வாழ்ந்த பெண்களின் இடுப்பெலும்பு மெலிந்து குறுகி, பிள்ளைபெற முடியாமல் அவர்கள் துடிப்பதைப் பார்த்தார். அதே ஊரில் ஏரியில் படகிலேயே வாழ்ந்த பெண்களுக்கு அந்தத் துன்பம் இல்லை என்பதையும் பார்த்தார். வெளிச்சம் இல்லாமைதான் காரணம் என்று எழுதினார். நூறு ஆண்டு ஆகப்போகிறது. அன்று திரைச்சீலை செய்ததை இன்று நம் ஊரில் ஷட்டர் செய்கிறது.

உங்களில் சிலரிடம் நேரிலேயே பேசிப் பார்த்தேன். சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

‘மாத்திரைதான் அரசு கொடுக்கிறதே’ என்றார் ஒருவர். கொடுக்கிறது. தினமும் இரண்டு கால்சியம் மாத்திரை, ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் கால்சியமும் 250 யூனிட் வைட்டமின் டியும். கருவுற்ற 14ஆவது வாரத்திலிருந்து பிரசவமாகி ஆறு மாதம் வரை. நல்ல திட்டம், நானே ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் கவனியுங்கள்: அது 14ஆவது வாரத்தில்தான் தொடங்குகிறது. பதினெட்டு வயதில் உங்களிடம் வேலைக்கு வந்தவள் இருபத்து நான்கில் கருவுறும்வரை ஆறு ஆண்டுகள் அவளுக்கு யாரும் எதுவும் கொடுப்பதில்லை. முப்பது வயதுக்குள் எலும்பு தன் முழு வலுவை எட்டிவிட வேண்டும். அந்த ஆண்டுகளை நாம் இருட்டில் கழிக்க வைத்துவிட்டுப் பிறகு மாத்திரையால் ஈடுகட்டப் பார்க்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட பேறுகால வழிகாட்டுதலில், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வழக்கமாக வைட்டமின் டி கொடுக்கப் பரிந்துரைக்கவில்லை. வெயிலே அதற்கு மிக முக்கியமான மூலம் என்று கர்ப்பிணிகளுக்குச் சொல்லுங்கள் என்றது. செவிலியர் சொல்லலாம். கதவு பூட்டியிருந்தால் அவள் என்ன செய்வாள்?

மருந்துக்கடை வழியும் ஆபத்தில்லாதது அல்ல. 60,000 யூனிட் மாத்திரை வாரத்துக்கு ஒன்று, குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும் என்று மருத்துவர் எழுதித் தருவது. அதைச் சீட்டில்லாமல் வாங்கி, தினம் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வாந்தியும் மயக்கமுமாக வந்தவளை நான் பார்த்திருக்கிறேன். ரத்தத்தில் கால்சியம் எக்குத்தப்பாக ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். வெயிலில் அந்தப் பயம் இல்லை. தேவைக்கு மேல் உண்டாவதைத் தோலே சிதைத்துவிடுகிறது. பரிசோதனை செய்து பார்க்கலாமே என்றால், தனியார் லேபில் அந்த ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அவளுடைய ஒரு நாள் கூலி போதாது. என் தம்பி மருமகளுக்கு இரண்டாவது குழந்தை உண்டாகும் முன் செய்து பார்த்தோம். ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமாவது இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றை இலக்கத்தில் இருந்தது. அவள் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. வெயிலுக்குத்தான் குறை.

‘வெயிலில் மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு’ என்று கேட்டவரின் கேள்வி நியாயமானது. சித்திரை வைகாசியில் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே போக வேண்டாம் என்று அரசே எச்சரிக்கிறது. நானும் அதையேதான் சொல்லி வந்திருக்கிறேன். கர்ப்பிணியை அந்த நேரத்தில் வெயிலில் நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அந்த இரண்டு மாதம் டீ இடைவேளையைப் பத்தே முக்கால், 11 மணிக்கு வையுங்கள். தலைக்கு நிழல் இருக்கட்டும். முழங்கை வரை கையும் காலும் வெயிலில் இருந்தால் போதும். உடம்பு சுட்டுச் சிவக்கும்வரை நிற்கத் தேவையில்லை. நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் வெள்ளைத் தோலைவிடக் கூடுதல் நேரம் வேண்டும் என்பது உண்மை. தோலின் நிறமியே கதிரைத் தடுக்கிறது. ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை அல்ல இது. ஆனால் நாளுக்கு இருபது நிமிடமோ அரை மணியோ, வாரத்தில் பல நாள் கிடைத்தால் நிலைமை மாறும். மீதிப் பத்து மாதத்துக்குப் பூட்டுக்கு என்ன காரணம் சொல்வீர்கள்?

‘வெளியே நின்றால் பேச்சு வளர்கிறது, நேரம் போகிறது, நாலு பேர் பார்க்கிறார்கள்’ என்றார்கள் சிலர். முற்றத்தைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் மதில் நிற்கிறது. பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது குற்றமும் அல்ல.

இன்னொரு தடையும் இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். அது உங்கள் கூடத்தில் இல்லை, எங்கள் வீடுகளில் இருக்கிறது. கலியாணமாகாத பெண் வெயிலில் நின்றால் ‘கறுத்துப்போவாய்’ என்று தாயே உள்ளே இழுக்கிறாள். வண்டியில் போகும் பெண்கள் முகத்தைத் துப்பட்டாவால் சுற்றி, கைக்கு உறை போட்டுக்கொள்கிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்களில் நிறம் கேட்காதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தப் போராட்டத்தை நானும் என்னைப் போன்றவர்களும் வீட்டுக்கு வீடு நடத்தி வருகிறோம், நடத்துவோம். ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது முழுக்கை நைட்டியை மடித்துவிடச் சொல்வதிலிருந்து தொடங்குகிறோம். ஆனால் வாரத்தில் ஆறு நாள் அவள் உங்கள் பொறுப்பில் இருக்கிறாள்.

இந்த ஊரில் வெயிலின் மதிப்பை யாருக்கும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. நம் பெரிய வீடுகளைக் கட்டியவர்கள் வளவின் நடுவே வானத்தைத் திறந்துவிட்டுத்தான் கட்டினார்கள். பொங்கல் வைப்பதும் நெல் அவிப்பதும் வற்றல் போடுவதும் அங்கேதான். முகப்பிலும் பட்டாசாலையிலும் ஆண்கள் உட்கார்ந்திருந்தாலும், உள்கட்டுப் பெண்களுக்குத் தலைக்கு மேல் வெயில் விழுந்தது. இன்று அந்த முற்றங்களுக்குக் கம்பி வலையும் தகடும் போட்டு, உள்ளே பலகார அடுப்பு எரிகிறது. விடிகாலை ஐந்து மணிக்குச் சீப்புச்சீடையும் மணகோலமும் தேன்குழலும் போட உட்காருகிற பெண், எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் வெந்து, வேலை முடிந்து வெளியே வரும்போது நிழல் நீண்டுவிட்டிருக்கிறது. அதே கூடத்தின் மொட்டை மாடியில் மோர்மிளகாயும் வடகமும் உச்சி வெயிலில் காய்கின்றன. ஆத்தங்குடியில் பூக்கல் உலர்வதற்கென்று வெட்டவெளியை ஒதுக்கியிருக்கிறோம். கண்டாங்கிச் சேலைக்குச் சாயம் தோய்த்த நூல் காய்வதற்கும் கொடி கட்டியிருக்கிறோம். சரக்குக்கு வெயில் எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் வேண்டும் என்று அளந்து தெரிந்து வைத்திருக்கும் நீங்கள், அந்தச் சரக்கைச் செய்கிறவளுக்கும் அது வேண்டும் என்றால் புரிந்துகொள்ளாமல் இருக்க மாட்டீர்கள்.

சட்டத்தைக் காட்டி மிரட்டுவது என் நோக்கமல்ல. ஆனாலும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையே குறைந்தது அரை மணி ஓய்வு விட வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதப்பட்டது. ஓய்வு என்றால் பூட்டிய அறைக்குள் இடத்தை மாற்றி உட்காருவதா? நாள் முழுக்க நின்றே வேலை செய்த கடைப் பணியாளர்களுக்கு உட்காரும் உரிமை வேண்டும் என்று 2021இல் நம் மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. ஒரு நாற்காலிக்கே சட்டம் வர வேண்டியிருந்தது. வெயிலுக்கும் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்றுதான் உங்களிடம் நேராகக் கேட்கிறேன். மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இந்த மண்ணுக்கு வர வேண்டும் என்று 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் அள்ளிக் கொடுத்தார் அழகப்பச் செட்டியார். அவர் ஊரில் தொழில் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது, ஏற்கெனவே இருக்கிற ஒரு முற்றத்தின் சாவியை.

பின்முற்றத்துக் கதவைப் பூட்டும் உத்தரவை இந்த மாதமே திரும்பப் பெறுங்கள். தகடு போட்டு மூடிய முற்றங்களில் பத்துப் பதினைந்து பேர் நிற்கும் அளவுக்காவது மேலே திறந்துவிடுங்கள். அதற்கு இடமே இல்லாத கூடங்களில் மொட்டை மாடிப் படியைத் திறந்து வையுங்கள், கைப்பிடிச் சுவர் உயரமாக இருக்கட்டும். காலை டீ இடைவேளையைப் பத்து மணிக்கு வைத்திருப்பவர்கள் 11 மணிக்குத் தள்ளுங்கள். கோடையில் மட்டும் கால் மணி முன்னதாக வைத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் மேலங்கியையும் தொப்பியையும் கழற்றிவிட்டு வெளியே போகலாம் என்று சூப்பர்வைசர்களுக்கு எழுத்தில் சொல்லுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் அது ஒரு வாரத்தில் மறந்துபோகும். அந்த இருபது நிமிடத்தை உற்பத்திக் கணக்கில் கழித்துக் கூலியைப் பிடிக்கக் கூடாது.

பலகாரக் கூடங்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வேலை விடியும் முன் தொடங்குவதால், 11 மணிக்குள் பெரும்பாலான ஈடுகள் இறங்கிவிடுகின்றன. பொட்டலம் கட்டும் வேலையை வாசல் பக்கமோ திறந்த முற்றத்திலோ வைத்தால் இடைவேளைகூடத் தனியாகத் தேவைப்படாது. ஜவுளிக்கடைக்காரர்கள் பெண்களைச் சுழற்சி முறையில், நான்கு நான்கு பேராக, கடையின் பின்பக்கம் அனுப்பலாம். அந்த நேரத்தில் கடையில் கூட்டமும் குறைவுதான்.

வட்டார மருத்துவ அலுவலரையோ ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரையோ ஆண்டுக்கு இருமுறையாவது உங்கள் கூடத்துக்கு அழையுங்கள். எலும்பு வலி, எழுந்திருக்க முடியாமை, தொடை வலுவின்மை உள்ள பெண்களைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். தேவையென்று மருத்துவர் சொல்கிறவர்களுக்கு மட்டும் ரத்தப் பரிசோதனைச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் வேண்டியதில்லை. அவர்களில் யாராவது முழுகாமல் இருந்தால், அந்தச் செய்தியைக் காரணமாக்கி வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அறிவிப்பு ஒட்டிய கம்பெனியின் உரிமையாளருக்கு: உங்கள் கூடத்துப் பெண்களில் பலர் கையெழுத்திட்ட மனு ஒன்று உங்கள் அலுவலகத்தில் கிடக்கிறது. யார் முதலில் கையெழுத்துப் போட்டது என்று விசாரித்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்த விசாரணையை நிறுத்துங்கள். மனுவை எழுதிக் கொடுத்தது நான்தான். பதிலை எனக்கு எழுத வேண்டாம், அறிவிப்புப் பலகையில் அவர்கள் படிக்கும்படி ஒட்டுங்கள். ஐப்பசி அடைமழை தொடங்கும் முன் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராமச் சுகாதாரச் செவிலியர்,
காரைக்குடி வட்டாரம்